ராட்னெஸ்ட் தீவுக்கு ‘எல்லாம் அடக்கம்’ சீட்டு வாங்குவதற்கு முன்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வசிக்கும் தமிழர்கள், ஊரிலிருந்து பெற்றோரோ மாமனார் மாமியாரோ வந்தால், ஒரு நாளை ராட்னெஸ்ட் தீவுக்கென்று ஒதுக்கிவிடுவது வழக்கம். நானும் சென்ற ஜனவரியில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும், என் மனைவியையும், எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். அந்தப் பயணத்துக்காக ஓர் இடைத்தரகு நிறுவனத்திடம் ஐந்து பேருக்குமாக 742 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து ஏமாந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை; சொல்லியும் பயனில்லை என்பதற்கான காரணம் கடைசியில் விளங்கும்.

தீவைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் ஏமாற்று எந்த இடத்தில் நுழைகிறது என்பது புரியும். பெர்த்தை அடுத்த துறைமுக நகரான ஃப்ரீமேன்டிலின் கரையிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 11 கிலோமீட்டர் நீளத்தில் கிடக்கும் இத்தீவில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், அல்லது தீவைச் சுற்றி வரும் பேருந்தில் ஏறி இறங்கிக்கொள்ளலாம். பிரதான நிலத்திலிருந்து படகு புறப்படும் இடங்களோ மூன்று: ஃப்ரீமேன்டில் துறைமுகம், பெர்த் நகர மையத்தில் ஸ்வான் ஆற்றின் கரையிலுள்ள பாரக் ஸ்ட்ரீட் படகுத்துறை, வடக்கே ஹில்லரிஸ். ஃப்ரீமேன்டிலிலிருந்து அரை மணி நேரத்துக்குள் தீவை அடைந்துவிடலாம். நகர மையத்திலிருந்து ஆற்று வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஆக, எந்தத் துறையில் எத்தனை மணிக்கு ஏறுகிறோம், திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்ற இரண்டும்தான் அந்த நாளையே தீர்மானிக்கின்றன. எனக்கு விற்கப்பட்ட சீட்டில் தெளிவில்லாமல் இருந்தவையும் சரியாக அவ்விரண்டும்தான்.

தீவின் பெயரைத் தேடியபோது முதலில் வந்து நின்ற விளம்பரத்தைத் தொட்டது என் முதல் பிழை. சிரிப்பது போன்ற முகத்துடன் ஒரு குவோக்கா (கங்காரு குடும்பத்தைச் சேர்ந்த சிறு விலங்கு), பின்னால் நீலக் கடல், மேலே ‘பெர்த்திலிருந்து ராட்னெஸ்ட், முழு நாள், எல்லாம் அடக்கம்’ என்ற வரி. பார்ப்பதற்குப் படகு நிறுவனத்தின் பக்கத்தைப் போலவேதான் இருந்தது. படகுக்கு 430, தீவு நுழைவுக் கட்டணம் 68, மூன்று சைக்கிளுக்கு 120, ‘குவோக்கா புகைப்படமும் வரலாற்று நடையும்’ என்று வழிகாட்டிக்கு 85, சேவைக் கட்டணம் 39 என ரசீது வந்தது. மூட்டுவலி உள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேருந்துச் சீட்டு உண்டு என்று பக்கத்தில் எழுதியிருந்தார்கள். ரசீதில் அப்படி ஒரு வரியே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. தினமும் அலுவலகத்தில் பிறர் எழுதிய ஒப்பந்தங்களில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன், வீட்டுக்கென்று வந்தபோது குவோக்காவின் முகத்தைப் பார்த்தே பணத்தைக் கட்டிவிட்டேன்.

பயண நாளன்று ஒன்பதேகால் மணிப் படகுக்கு எட்டே முக்காலுக்கே பாரக் ஸ்ட்ரீட் துறையில் வரிசையில் நின்றோம். சீட்டைப் பார்த்த ஊழியப் பெண்மணி திரையில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் படகு ஃப்ரீமேன்டிலில் பி ஷெட் என்ற இடத்திலிருந்து புறப்படுகிறது என்றும், இன்னும் அரை மணி நேரத்துக்குள் அங்கே போய்ச் சேர வழியில்லை என்றும் சொன்னார். மின்னஞ்சலை முழுவதும் கீழே தள்ளிப் பார்த்தபோது, ரத்து விதிகளுக்கும் கீழே, சாம்பல் நிற எழுத்தில் அந்த இடத்தின் பெயர் இருக்கத்தான் செய்தது. ஃப்ரீமேன்டிலும் பெர்த் மாநகரப் பகுதியைச் சேர்ந்ததுதானே என்பது பின்னால் அந்த நிறுவனம் எனக்கு எழுதிய விளக்கம். தாம்பரத்தில் ஏற வேண்டிய ரயிலைச் சென்னையிலிருந்து என்று மட்டும் சொல்லி விற்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன், பதில் இல்லை. அங்கிருந்து பெர்த் ரயில் நிலையத்துக்கு நடந்து, ஃப்ரீமேன்டில் ரயிலைப் பிடித்து, மாற்றுக் கட்டணம் தனியாகக் கட்டி அடுத்த படகில் ஏறினோம். படகு நிறுவனத்தினர் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். தீவின் நுழைவுக் கட்டணத்தைப் படகுச் சீட்டோடு சேர்த்தே வாங்கித் தீவு நிர்வாகத்துக்குச் செலுத்திவிடுகிறோம் என்பதையும், எங்கள் சீட்டில் அது ஏற்கெனவே அடங்கியிருப்பதையும் அங்கேதான் காட்டினார்கள். அதாவது தரகர் தனியாகப் பறித்த 68 டாலர் எதற்கும் ஆனதில்லை.

தாம்சன் பே துறையில் இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பள்ளி விடுமுறைக் காலமாதலால் சைக்கிள் வாடகை நிலையத்தில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும் எண்ணைக் காட்டினால், அப்படி ஓர் எண் தங்கள் பட்டியலில் இல்லை என்றும், அந்தத் தரகரோடு தங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது என்றும் சொன்னார்கள். பேருந்துச் சீட்டுக்கும் அதே பதில்தான். இந்தப் பயணத்துக்காகவே என் மகள் இரண்டு மாதமாக வீட்டுக்கு எதிரிலுள்ள பூங்காவில் விழுந்து எழுந்து சைக்கிள் பழகியிருந்தாள். முழங்காலில் தழும்புகூட ஆறவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் தலைக்கவசம் இல்லாமல் சைக்கிள் ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்பதால் தன் அளவுக்கு ஊதா நிறத்தில் ஒன்றை வாங்கி, காலையிலிருந்து தலையிலேயே மாட்டியிருந்தாள். மறுபடியும் பணம் கட்டிச் சைக்கிள் எடுத்திருப்பேன். ஆனால் அப்போதுதான் திரும்பும் படகின் நேரத்தைப் பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணி என்றிருந்தது. ‘முழு நாள்’ என்று விற்ற சீட்டின்படியே பார்த்தாலும் தீவில் நான்கு மணி நேரம்தான். எங்களுக்கு மிஞ்சியது அதிலும் பாதி. மாலைப் படகுகளில் ஐந்து பேருக்குச் சேர்ந்தாற்போல இடம் இல்லை.

வழிகாட்டி மட்டும் வந்தார். பன்னிரண்டு மணிக்கு, குடியிருப்புப் பகுதியின் கடைகளுக்குப் பக்கத்தில், சட்டையில் எந்த அடையாள அட்டையும் இல்லாமல் வந்து நின்றார். குவோக்கா பெரும்பாலும் இரவில் நடமாடும் விலங்கு. வெயில் நேரத்தில் புதர் நிழலில் சுருண்டு தூங்கும். ஆயினும் இத்தீவில் பத்தாயிரத்துக்கு மேல் இருப்பதாலும் மனிதரைக் கண்டு அஞ்சாததாலும், பகலிலும் குடியிருப்பைச் சுற்றி ஒன்றிரண்டாவது கண்ணில் பட்டுவிடும், அதற்கு வழிகாட்டியே தேவையில்லை. அத்தி மரத்தின் அடியில் தாயொன்று கண்ணை மூடிக் குந்தியிருந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பருமன். கரடுமுரடான பழுப்பு ரோமம். ஈரம் மின்னும் கருமூக்கு. வயிற்றுப் பையிலிருந்து குட்டியின் ஒற்றைக் கால் மட்டும் குச்சிபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றடி தள்ளி உட்கார்ந்தாள். அந்த வழிகாட்டியோ கால்சட்டைப் பையிலிருந்து உடைத்த பிஸ்கட்டை எடுத்து அவள் கையில் வைத்து, “இதைக் காட்டு, நிமிர்ந்து கேமராவைப் பார்க்கும்” என்றார்.

அவருக்குப் பின்னாலேயே, உணவளிக்காதீர், தொடாதீர் என்ற பலகை இருந்தது. குவோக்காவுக்குத் தீனி போட்டால் 300 டாலர் அபராதம் விதிக்கப்படலாம். பிடிபட்டால் கட்டப்போவது பிஸ்கட்டை நீட்டியவரே தவிர, எடுத்துக் கொடுத்தவர் நழுவிவிடுவார். அபராதத்தை விட்டுத்தள்ளினாலும், மனிதர் தின்னும் ரொட்டியும் பிஸ்கட்டும் இந்த விலங்கின் உடம்புக்கு ஆகாதவை. பிரதான நிலத்தில் நரியும் பூனையும் வேட்டையாடி அருகிப்போன இந்த இனம், அவ்விரண்டும் இல்லாத இத்தீவில்தான் பெருந்தொகையாக எஞ்சியிருக்கிறது. மனைவி பிஸ்கட்டை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, நன்றி, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றாள். 2017 டிசம்பரில் ரோஜர் ஃபெடரர் இங்கே குவோக்காவோடு எடுத்த செல்ஃபி உலகமெங்கும் பரவியது. அதே போன்ற படம் நிச்சயம் கிடைக்கும் என்றுதான் விளம்பரம் சொன்னது. விலங்குக்குப் பிடித்தால் அதுவே நெருங்கி வரும், இல்லையென்றால் வராது. இதில் உறுதியளிப்பவர் எவராயினும் பையில் எதையோ வைத்திருக்கிறார் என்று பொருள்.

‘வரலாற்று நடை’ என்பது பழைய சுண்ணாம்புக்கல் கட்டடம் ஒன்றின் முன் இரண்டு நிமிடம் நின்றதோடு முடிந்தது. “இது பழைய ஹோட்டல்” என்றார் வழிகாட்டி. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. குவாட் எனப்படும் அந்தக் கட்டடத்தின் அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுவந்தார்கள், 2018-இல்தான் நிறுத்தினார்கள். ஆனால் அது சிறைச்சாலையாகக் கட்டப்பட்டது. 1838 முதல் மேற்கு ஆஸ்திரேலியா முழுவதிலுமிருந்தும் ஆதிக்குடி ஆண்களையும் சிறுவர்களையும் விலங்கு பூட்டி இத்தீவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ நாலாயிரம் பேர் வந்ததில் குறைந்தது 373 பேர் இங்கேயே மாண்டு புதைக்கப்பட்டார்கள். தீவுக்கு இப்பகுதியின் ஆதிக்குடிகளான நூங்கார் மக்கள் வைத்த பெயர் வாஜெமப். ராட்னெஸ்ட் என்பது, 1696-இல் வந்த டச்சு மாலுமி வில்லெம் டி விளாமிங் குவோக்காக்களைப் பெருச்சாளிகள் என்று எண்ணி ‘எலிவளை’ என்னும் பொருளில் சூட்டியது. இவற்றையெல்லாம் அங்குள்ள பலகைகளிலிருந்தும் சிறிய அருங்காட்சியகத்திலிருந்தும் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். 85 டாலர் வாங்கியவர் பன்னிரண்டு நிமிடத்தில் விடைபெற்றுப் போயிருந்தார்.

மீதியிருந்த நேரத்தில் பேசின் என்ற குளிக்கும் துறைவரை நடந்து காலை நனைத்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும் படகில் அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஒகேனக்கல்ல பரிசல்காரன்கூட ஆளை நேர்ல பாத்துத்தான்டே ஏமாத்துவான். இவன் யாருன்னே தெரியலையே” என்றார். வேறொன்றும் அவர் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பணத்தைத் திரும்பப் பெற முயன்ற கதை அலுப்பூட்டுவது என்றாலும் பயன்படக்கூடும். நிறுவனத்துக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் ‘பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற விதியையே வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, சொன்னதுபோல் சேவை தராதவர் இப்படி ஒரு விதியை எழுதிவைத்துத் தப்பிக்க இயலாது. ஆனால் சட்டம் இருப்பது ஒன்று, வெளிநாட்டு முகவரியில் இருப்பவரிடம் அதைச் செல்லுபடியாக்குவது வேறொன்று. ஆகவே கிரெடிட் கார்டு வங்கியிடம் ‘வாங்கிய சேவை கிடைக்கவில்லை’ என்று தகராறு பதிவு செய்தேன். சைக்கிள் நிலையத்தில் ‘இந்த எண் எங்களுடையதன்று’ என்று எழுதி வாங்கிய துண்டுச் சீட்டு, விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), நுழைவுக் கட்டணம் அடங்கிய படகுச் சீட்டு ஆகியவற்றை இணைத்தேன். ஏழு வாரம் கழித்து நுழைவுக் கட்டணம், சைக்கிள், வழிகாட்டி மூன்றுக்குமான 273 டாலர் திரும்பி வந்தது. படகில் போய்வந்துவிட்டதால் அந்தப் பணத்தையும் சேவைக் கட்டணத்தையும் தர மறுத்துவிட்டார்கள். அன்றைக்கு எரிச்சலில் அந்தத் துண்டுச் சீட்டை வாங்காமல் வந்திருந்தால் 120 டாலரும் போயிருக்கும்.

அப்பா அம்மா ஊருக்குத் திரும்பும் முன், ஏப்ரலில் மறுபடியும் போனோம். படகுச் சீட்டைப் படகு நிறுவனத்திடமே எடுத்து, சைக்கிளையும் அதே ரசீதில் சேர்த்துக்கொண்டோம். பேருந்துச் சீட்டைத் தீவில் இறங்கியதும் வாங்கினோம். தரகர் ‘சலுகை விலை’ என்று போட்டதைவிட மொத்தச் செலவு குறைவாகவே ஆயிற்று. முதல் படகில் போய்க் கடைசிப் படகுகளுள் ஒன்றில் திரும்பியதால், மேற்குக் கோடியிலுள்ள விளாமிங் முனைவரைக்கும் மகள் மிதித்தே வந்துவிட்டாள். கோடைக் காலத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் காலையில் பெரும்பாலும் கீழைக்காற்று வீசும். பிற்பகலில் ‘ஃப்ரீமேன்டில் டாக்டர்’ என்று உள்ளூரார் செல்லமாக அழைக்கும் தென்மேற்குக் கடற்காற்று கிளம்பும். காலையிலேயே மேற்கு நோக்கிப் போய்விட்டால் போகும்போதும் வரும்போதும் காற்று முதுகைத் தள்ளும். பதினொரு மணிக்கு இறங்கி உச்சி வெயிலில் கிளம்புகிறவரை அதே காற்று முகத்தில் அறையும். பாதையில் மேடுகள் அதிகம், நிழல் குறைவு, குடியிருப்பைத் தாண்டினால் தண்ணீருக்குக் கடையை நம்ப முடியாது. ஆகவே, எட்டு வயதுப் பிள்ளையை அழைத்துச் செல்பவர்களுக்குப் படகின் நேரம் என்பது வெறும் வசதிக்கான கேள்வியன்று.

சென்ற வாரம் நண்பர் ஒருவர் இதே பயணத்துக்கு வழி கேட்டதால் மீண்டும் தேடிப் பார்த்தேன். நான் பணம் கட்டிய நிறுவனத்தின் பெயரில் இப்போது எதுவும் இல்லை. வேறொரு பெயரில், அதே குவோக்கா படத்துடன், ‘எல்லாம் அடக்கம்’ என்ற அதே வரியுடன் ஒரு பக்கம் முதலிடத்தில் நிற்கிறது. நபர் ஒருவருக்கு ஒன்பது டாலர் ஏறியிருக்கிறது. புறப்படும் இடம் இன்னமும் ‘பெர்த்’தான்.