150 செ.மீ. ஆக்டா சாஃப்ட்பாக்ஸ்: ஒரு சின்ன ஸ்டுடியோவின் நீண்டநாள் அனுபவம்

போர்ட்ரெய்ட்டுக்குப் பெரிய ஆக்டா (ஃப்ளாஷ் வெளிச்சத்தை வெள்ளைத் துணி வழியாக மென்மையாக்கி அனுப்பும் எட்டு மூலைப் பெட்டி) வாங்கலாமா, வாங்கினால் விட்டம் 120 செ.மீ.-ஆ 150-ஆ என்று கேட்கிற நண்பர்களுக்கு இப்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்கிறேன். நீங்கள் எடுக்கிற முகங்கள் பெரும்பாலும் மாநிறமும் கறுப்புமாக இருந்தால், அறையும் இடம் கொடுத்தால், 150 வாங்குங்கள். வாங்கி அதை முகத்துக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். கும்பகோணத்தில் 14-க்கு 20 அடி அறை என்னுடையது, மேல்தளம் 10 அடி உயரம். அதில் 90, 120, 150 மூன்றையும் சில வருஷங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். கல்யாணப் பெண்கள், நிச்சயதார்த்த ஜோடிகள், அறுபதாம் கல்யாணத் தம்பதிகள், பாஸ்போர்ட் படத்துக்கு வந்து அப்படியே "நல்லதா ஒண்ணு எடுங்க" என்று உட்காருகிறவர்கள் என்று எல்லா விதமான முகமும் இந்தத் துணிகளுக்கு முன்னால் வந்துபோகிறது.

முதலில் தோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் 150-க்கு மாறியதற்குக் காரணமே அதுதான். முகத்தில் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 சதவீதம் தோலின் மேற்பரப்பிலேயே பட்டுப் பளபளப்பாகத் திரும்பிவிடும். மீதி உள்ளே போய், தோலின் நிறத்தை வாங்கிக்கொண்டு வெளியே வரும். இந்த மேற்பரப்புப் பளபளப்பு சிவப்புத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கறுப்புத் தோலில் உள்ளேயிருந்து வருவது குறைவு என்பதால் பளபளப்பு மட்டும் தூக்கலாகத் தெரிகிறது. சின்ன சாஃப்ட்பாக்ஸைத் தள்ளி வைத்து எடுத்தால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கன்ன மேட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், சுற்றி முகம் இருண்டு கிடக்கும். உடனே நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பவுடரை அப்பச் சொல்கிறார்கள், இல்லை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்கு) ஏற்றி முகத்தை வெளுக்க வைக்கிறார்கள், அப்புறம் கம்ப்யூட்டரில் இன்னும் வெளுப்பு. "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுங்கண்ணே" என்று கேட்கிற பெண்ணுக்கு, அவள் நிறத்தை மாற்றாமலே அவளுக்குப் பிடித்த படத்தைக் கொடுக்க முடியும் என்பதை நான் இந்தப் பெரிய துணியில்தான் முழுசாகப் பார்த்தேன்.

கணக்கு இதுதான். 90-ஐ விட 150-ன் பரப்பு 2.8 மடங்கு. முகத்தின் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் முகம் எவ்வளவு வெளிச்சமாக வருகிறது என்பதை, மாற்றாமல் துணியை மட்டும் பெரிதாக்கினால், துணியின் ஒவ்வொரு பகுதியும் முன்பைவிட மங்கலாக எரிந்தால் போதும். நெற்றியில் தெரியும் பளபளப்பு அந்தத் துணியின் பிம்பம்தானே, அதனால் அதுவும் சேர்ந்து மங்கும். ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கூடவே இறங்குகிறது. அத்தோடு அது புள்ளியாக நிற்காமல் அகலமாகப் பரவி, கன்னத்தின் வளைவை எடுத்துக் காட்ட ஆரம்பிக்கிறது. வாசல் திண்ணையில் உட்கார்ந்தவர் முகத்தில் காலையில் விழும் வெளிச்சம் மாதிரி இருக்கும். கறுப்பான முகத்துக்கு அந்த அகலமான மெல்லிய பளபளப்புதான் அழகே, அதைப் பவுடர் போட்டு மூடவே கூடாது என்பது என் கட்சி.

ஆனால் இதே 150-ஐ இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால், ஒரு மீட்டரில் வைத்த 75-ம் அதுவும் மென்மையில் ஒன்றுதான். துணியின் விட்டத்தை இரட்டிப்பாக்குவதும் தூரத்தைப் பாதியாக்குவதும் முகத்துக்கு ஒரே விஷயம். அதனால் பெரிய ஆக்டா வாங்கிச் சுவரோரம் நிறுத்துகிறவர்களுக்கு அந்தப் பணம் வீண்.

நகை விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணப் பெண் போர்ட்ரெய்ட்டில் நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, ஜிமிக்கி மூன்றும் முகத்திலேயே நிழல் போடுகிற சாமான்கள். 90-ஐ இரண்டு மீட்டரில் வைத்தால் ஜிமிக்கியின் குடை கழுத்தில் அப்படியே கறுப்பாக விழும், கீழே தொங்கும் முத்துகளைக்கூட அந்த நிழலில் எண்ணலாம். நெற்றிச்சுட்டியின் பதக்கம் புருவத்துக்கு மேலே ஒரு அழுக்குக்கறை போலத் தெரியும். 150-ஐ ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்ததும் ஜிமிக்கி நிழல் கழுத்தில் லேசான மங்கலாகக் கரைந்துவிடும், நெற்றியில் தேடினால்தான் தெரியும். தங்கத்துக்கும் இது நல்லது. மெருகேற்றிய தங்கம் தன்னைச் சுற்றியிருப்பதைத்தான் காட்டும். சுற்றி இருட்டாக இருந்தால் ஆரம் பழுப்பாகவும் கறுப்பாகவும் விழும், பெரிய வெள்ளைத் துணி பக்கத்தில் இருந்தால் அதன் முகம் முழுவதும் மஞ்சளாக எழும்பும். கல் நகைக்கு மட்டும் கதை வேறு. வைரமும் கெம்பும் மின்ன வேண்டுமானால் சின்ன வெளிச்சம் ஒன்று வேண்டும், அதற்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்ன ஃப்ளாஷ் தனியாக வைக்கிறேன்.

கண்ணில் விழும் கேட்ச்லைட், அதாவது கருவிழியில் தெரியும் விளக்கின் பிம்பம், ஆக்டாவில் கிட்டத்தட்ட வட்டமாக வரும். சதுரமாக வந்தாலும் குற்றமில்லை, ஜன்னல் மாதிரி இருக்கும். இதற்காக மட்டும் எட்டுக்குப் பதில் 16 கம்பி வைத்த மாடல் தேட வேண்டாம்.

இப்போது அறை. 150 வாங்க நினைப்பவர்கள் முதலில் டேப் எடுத்துத் தளத்தை அளக்கவும், அதைவிட முக்கியமாக மின்விசிறி எங்கே தொங்குகிறது என்று பார்க்கவும். நிற்கிற ஆளுக்குத் துணியின் நடுப்பகுதி தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், முகத்தை நோக்கிச் சாய்ந்து இருக்க வேண்டும். அப்போது மேல் விளிம்பு 2.6 மீட்டரைத் தாண்டும். 10 அடித் தளத்தில் விசிறி இறக்கை சுற்றுகிற உயரமும் ஏறக்குறைய அதுதான். நான் எடுக்கிற பக்கத்து விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறி மாட்டிக்கொண்டேன். உட்கார்ந்த படங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. தளம் 9 அடிதான் என்றால் 120-உடன் நிறுத்திக்கொள்வது நல்லது, 190-ஐ எல்லாம் நினைக்கவே வேண்டாம்.

முழு உருவப் படத்துக்கு ஒரு மீட்டர் தூரம் ஒத்துவராது. முகம் நன்றாக வரும், பட்டுப்புடவையின் கரை கீழே இருண்டுவிடும். பின்னால் தள்ள வேண்டும், இல்லையென்றால் கீழே ஒரு தெர்மகோல் அட்டையைச் சாய்த்து வைக்க வேண்டும். குடும்பப் படத்துக்கு நான் ஆக்டாவையே எடுப்பதில்லை, பெரிய வெள்ளைக் குடைதான். தூரத்தை இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும் என்று படித்ததை இவ்வளவு பக்கத்தில் அப்படியே நம்ப வேண்டாம். தூரம் துணியின் அளவைப்போல ஐந்து மடங்காவது இருந்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். 150-ஐ ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் நிற்கும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, கடையிலேயே செய்ய விட்டால் இன்னும் நல்லது. ஆக்டாவைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி, அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) நன்றாகச் சுருக்கி, துணியை மட்டும் படம் எடுங்கள். நடுவில் வெள்ளைக் குண்டும் ஓரத்தில் சாம்பலுமாக வந்தால், நீங்கள் காசு கொடுத்தது 150-க்கு, உங்களுக்குக் கிடைப்பது 80-தான். நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒரு ஸ்டாப்புக்குள் இருந்தால் நல்ல பெட்டி. இது பெட்டியை மட்டும் பொறுத்ததில்லை. ஃப்ளாஷ் ட்யூப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற லைட் எட்டுப் பக்கமும் இறைக்கும். முன்னால் தட்டைக் கண்ணாடி போட்ட லைட்டும், சிப் முன்னோக்கியே எரிகிற சிஓபி எல்இடியும் நேராகத்தான் அடிக்கும், ஆழமான பெட்டியின் பக்கச் சுவர்களை நிரப்பாது. லைட்டுக்கும் முன்துணிக்கும் நடுவில் வருகிற உள்துணி இல்லாமல் எடுத்தால் வெளிச்சம் கூடக் கிடைக்கும்தான், ஆனால் நான் அதை ஒருபோதும் கழற்றுவதில்லை. இரண்டு துணியும் சேர்ந்து நிறைய வெளிச்சத்தைக் குடிக்கும் என்பதால் 150-க்கு 400 ஜூல் லைட்டாவது வைத்துக்கொள்ளுங்கள். 200-ல் எடுக்கலாம், முழுப் பவரில் அடித்து ஒவ்வொரு படத்துக்கும் அது மறுபடி சார்ஜ் ஆகக் காத்திருக்க வேண்டும்.

கிரிட் (வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமல் தடுக்க முன்னால் மாட்டும் கட்டம் கட்டமான துணி வலை) சேர்ந்து வருகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையது போன்ற அறையில் வெள்ளைச் சுவர்கள் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து நிழலையெல்லாம் தின்றுவிடும், சாம்பல் பேக்ட்ராப் வெளுத்துவிடும். கிரிட் போட்டால் பின்னணி தன் நிறத்தில் நிற்கும். கிரிட் கொஞ்சம் வெளிச்சத்தைச் சாப்பிடும், மென்மையும் கொஞ்சம் குறையும். கறுப்புப் பின்னணியில் வயதானவர்களை எடுக்கும்போது எனக்கு அந்தக் குறைவுகூடப் பிடிக்கும், முகத்துச் சுருக்கம் மரியாதையோடு தெரியும்.

மவுண்ட், அதாவது பெட்டியை லைட்டில் மாட்டுகிற வளையம், பற்றி ஒரு வார்த்தை. போவென்ஸ் கம்பெனி 2017-ல் மூடப்பட்டாலும் அதன் எஸ் மவுண்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது, கோடாக்ஸ் உட்படப் பலரும் அதைத்தான் போடுகிறார்கள். அதனால் அந்த மவுண்டில் வாங்கினால் நாளைக்கு லைட் மாறினாலும் பெட்டி உதவும். கம்பியைத் தனித்தனியாக வளையத்தில் செருகுகிற வகையைத் தினமும் பிரித்துக் கட்ட முடியாது. ஏழு கம்பி சுலபம், எட்டாவதற்குள் உள்ளங்கை சிவந்துவிடும். நிரந்தரமாக நிற்கும் ஸ்டுடியோவுக்கு அது போதும், மலிவு. மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் குடை மாதிரி விரிகிற வகையையே வாங்கவும். பெரிய ஆழமான பெட்டியின் பாரம் முழுவதும் முன்னால் இழுக்கும், லைட்டின் பிளாஸ்டிக் கழுத்து கொஞ்ச நாளில் தலை குனிய ஆரம்பிக்கும். பாரத்தைத் தானே தாங்குகிற எஸ்2 போன்ற பிராக்கெட் போட்டால் லைட் தப்பிக்கும். பெட்டி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தில் ஸ்டாண்டின் ஒரு கால், அந்தக் காலில் மணல் மூட்டை. குழந்தைகள் ஓடுகிற இடத்தில் இதைச் செய்யாமல் லைட்டை ஆன் பண்ணவே வேண்டாம்.

நாளாக நாளாக என்ன தேய்கிறது? என்னிடம் முதலில் போனது வெல்க்ரோ, முன்துணி ஒரு மூலையில் தொங்க ஆரம்பித்தது. தையல்காரரிடம் கொடுத்துப் புதிதாக வைத்துத் தைத்துக்கொண்டேன். அடுத்து, மடிக்கிற மடிப்பில் உள்ளே வெள்ளிப் பூச்சு வெடித்துத் தூளாக உதிர்ந்தது. படத்தில் அது தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டேன். தெரிகிற விஷயம் வெள்ளைத் துணி மஞ்சளாவது. தூசியும் வருஷமும் சேர்ந்து மெல்ல மெல்ல மஞ்சளாவதால் கண்ணுக்குப் பிடிபடாது, கிரே கார்டு (நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டை) வைத்து எடுத்தால் பிடிபட்டுவிடும். மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் பாதி திரும்பும். ஒரே பெட்டியாக இருந்தால் ஒயிட் பேலன்ஸில் சரிசெய்துகொள்ளலாம். பழைய 120-ஐயும் புது 150-ஐயும் ஒரே படத்தில் போடும்போதுதான் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் இன்னொரு பக்கம் நீலமாகவும் நிற்கும், அதைத் திருத்த மணிக்கணக்காகும். முன்துணி தனியாக விற்கிறார்களா என்று கேட்டுவிட்டு, வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும் 150 கஷ்டம் கொடுக்கும். துணி பெரிதாக இருப்பதால் எந்தக் கோணத்தில் வைத்தாலும் அதன் ஒரு ஓரம் லென்ஸில் விழுந்துவிடும். இன்னும் உயர்த்தி, பக்கவாட்டில் கொண்டுபோய், கண்ணாடியின் காதுப்பக்கக் கம்பியைக் காதுக்கு மேலே சற்றே தூக்கி வைத்தால் லென்ஸ் கீழே பார்க்கும், பிம்பம் நழுவிவிடும். அப்படியும் போகவில்லை என்றால் 120-க்கு மாறிவிடுகிறேன். அதனால்தான் 120-ஐ விற்கவில்லை. ஆசிரியர்கள், பேங்க் ஆட்கள், பள்ளி அடையாள அட்டைப் படத்துக்கு வரும் பிள்ளைகள் என்று பாதிப் பேர் கண்ணாடி போட்டிருக்கிற ஊர் இது. வருகிறவர்களில் அவர்கள்தான் அதிகம் என்றால், முதல் பெட்டியாக 120-ஐ வாங்கிவிட்டு 150-க்குக் காத்திருக்கலாம்.