சூடான அறையில் யோகா: 26 ஆசன வகுப்பா, ஹாட் வின்யாசாவா?

அமெரிக்காவில் ஹாட் யோகா ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

26 ஆசன வகுப்பு என்பது இந்திய யோகா ஆசிரியர் பிக்ரம் சௌத்ரி 1970களில் அங்கே பரப்பிய முறை: 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடம். அறைச் சூடு சுமார் 40 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 சதவீதம். எந்த ஊருக்குப் போனாலும் வரிசை மாறாது. ஆசிரியர் செய்து காட்டாமல் வாயால் சொல்லிக்கொண்டே போவார். எதிரே உள்ள கண்ணாடியைப் பார்த்து நீங்கள் செய்ய வேண்டும். நின்று செய்பவை முடிந்ததும் சவாசனம், அப்புறம் தரை ஆசனங்கள், இடையிடையே சிறு ஓய்வு. தலை சுற்றினால் தயங்காமல் பாயில் உட்காருங்கள். அப்போதும் சரியாகவில்லையா, வெளியே வந்துவிடுங்கள்.

ஹாட் வின்யாசாவில், அதாவது மூச்சோடு சேர்த்து ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து நகரும் முறையில், சூடு கொஞ்சம் குறைவு, பெரும்பாலும் 32 முதல் 38 டிகிரி. ஒரு மணி நேரம், பாட்டு உண்டு, வரிசை ஆசிரியரின் விருப்பம். ஆனால் இடையில் ஓய்வு அதிகம் இல்லாமல் ஓடும். உள்ளங்கை வியர்த்து, கை கால்களை ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் கை வழுக்கும். பாய்மேல் டவல் விரிக்காமல் இறங்காதீர்கள்.

யோகாவுக்கே புதியவர் என்றால், சூடு அதிகமானாலும் 26 ஆசன வகுப்பைத்தான் சொல்வேன்: அடுத்தது என்ன என்று தெரியும், மூச்சு விட நேரம் கிடைக்கும். சூரிய நமஸ்காரம் பழகியவருக்கு வின்யாசா. கர்ப்பிணிகளும் இதயக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இரண்டுக்குமே போக வேண்டாம்.