காத்து அடிக்கிற நாள்ல ஏரில மண்புழுவா, உயிர் மீனா?

ஆடி மாசம் தூண்டில் தூக்கிட்டு ஏரிக்குப் போறவங்களுக்கு வர்ற சந்தேகம் தான், மண்புழு போடலாமா இல்ல உயிரோட கெண்டைக் குஞ்சு போடலாமான்னு. என் முடிவ முதல்லயே சொல்லிடறேன், காத்து மோதுற கரைல நின்னு போடுறதா இருந்தா மண்புழு, ஆனா தக்கை, அதான் மிதவை, இல்லாம.

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியயே எடுத்துக்கங்க. பெரிய கரை கிழக்கால, சுமார் 16 கிலோமீட்டர் போகுது. நம்மூர்ல நிறைய ஏரிக்கு கரை கிழக்கால தான், நிலம் அந்தப் பக்கம் தான சரியுது. ஆடில அடிக்கிறது மேற்கால இருந்து வர்ற மேல்காத்து, அது மேல்தண்ணிய அப்படியே கரைப் பக்கம் தள்ளிட்டு வரும், கூடவே பாசி பூச்சி பொடிமீனு எல்லாம் வந்து ஒதுங்கும், அலை கல்லுல மோதி மோதி ஓரத் தண்ணி கலங்கிப் போயிருக்கும். கெளுத்திக்கு இது தான் வேணும், அது கண்ண நம்பி மேயுற மீனே இல்ல, மீசையும் வாசனையும் போதும்.

இங்க தக்கை போட்டா அலைல அது பாட்டுக்கு முங்கி எந்திரிக்கும், ஜிலேபி மீனு கொறிக்குதா அலை ஆட்டுதான்னு தெரியவே தெரியாது, அதுக்குள்ள புழு காலி. அதுக்கு பதிலா நல்ல வெயிட்டா ஈயம் கட்டி அடில போட்டுடுங்க, தூண்டில் நரம்பு காத்துல வளைஞ்சு வளைஞ்சு ஈயத்தையே இழுக்கும், அதனால ராடு நுனிய தண்ணிக்குள்ள கொஞ்சம் முக்கி நரம்ப நனைய விட்டுட்டு அப்புறம் விரல நரம்பு மேல வெச்சுக்கங்க. கெளுத்தி இழுத்தா டக்குனு விரல்லயே தெரியும். தூண்டில் முள்ளு கழட்டும்போது மட்டும் கெளுத்தியோட பக்கத் துடுப்பு முள்ளப் பாத்துக்கங்க, குத்துனா செம கடுப்பு.

இதே இடத்துல உயிர் மீன் போட்டா வேஸ்ட். எதிர்காத்துல வேகமா வீசுனா குஞ்சு முள்ளுலருந்து பிச்சிக்கும், பிச்சிக்கலன்னா அலை அத கல்லு இடுக்குல கொண்டு போயி சொருகிடும்.

ஆனா விரால் தான் வேணும்னா கதையே வேற, அப்ப காத்து அதிகம் படாத மூலைக்குப் போங்க, கோரை இல்லன்னா கருவேல மரம் மறைக்கிற இடம். விரால் மூச்சு வாங்க மேல வரும்ல, அமைதியான தண்ணில அந்த சின்ன வளையம் தெளிவா தெரியும், அங்க உயிர் மீனுக்கு ஈடே கிடையாது, மண்புழு போட்டா பொடிசுங்க விடாது. குஞ்ச முதுகுத் துடுப்புக்குக் கீழ எலும்புல படாம கோத்து தக்கையோட விடுங்க, காத்து உங்க முதுகுப் பக்கம் இருந்து அடிக்கிறதால வீசக்கூட வேணாம், அதுவே கோரை ஓரமா மெதுவா நகத்திட்டுப் போகும். தக்கை முங்குன உடனே சுண்டாதீங்க, விரால் கவ்விட்டு கொஞ்ச தூரம் போயி தான் முழுங்கும். செவப்பா குஞ்சுக் கூட்டம் மேல வர்ற இடத்துல மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க, தாயும் தகப்பனும் அதுக்குக் கீழ காவலுக்கு நிக்கும், அதப் புடிச்சா அத்தன குஞ்சும் போச்சு.

அலைச்சல்னு பாத்தா மண்புழு தான் சுலபம், சாணிக்குழில நோண்டி ஈர மண்ணோட டப்பால போட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். குஞ்சு வாளிக்கு நிழலும் வேணும், அப்பப்ப தண்ணியும் மாத்தணும். மிஞ்சுன குஞ்சு வேற ஏரில புடிச்சதா இருந்தா இங்க கொட்டிடாதீங்க. ஏரி குத்தகைல இருந்தா குத்தகைக்காரர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டே எறங்குங்க.