விண்டோஸ் 98-உம் எக்ஸ்பியும் ஒரே பெட்டியில்: ஒரு டிஸ்க் போதுமா, இரண்டு வேண்டுமா?

பென்டியம் 3 காலத்துக் கணினி ஒன்று கையில் இருந்தால், அதில் 98-உம் வேண்டும், எக்ஸ்பியும் வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். 98-இல், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான அசல் டாஸுக்கே போய்விடலாம். பழைய விளையாட்டுகள் சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசும். எக்ஸ்பியில் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனால் பென்டிரைவைச் செருகியதும் தனி டிரைவர் கேட்காமல் திறப்பது எக்ஸ்பிதான்.

முதல் வழி, ஒரே டிஸ்க்கில் இரண்டு பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கை இரண்டு பகுதிகளாகப் பிரிப்பது. கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கும் முறைகளில், சி டிரைவ் ஃபேட்32-ஆக இருக்க வேண்டும், எக்ஸ்பிக்குத் தெரிந்த இன்னொரு முறையான என்டிஎஃப்எஸ்ஸை 98-க்குப் படிக்கத் தெரியாது. முதலில் 98, பிறகு எக்ஸ்பி. இந்த வரிசை மாறக் கூடாது. எக்ஸ்பியின் செட்டப், 98-இன் பூட் செக்டரை (பார்ட்டிஷனின் தொடக்கத்தில் இருந்து இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரலை) 512 பைட்டில் ‘பூட்செக்ட்.டாஸ்’ என்ற கோப்பாக எடுத்து வைத்துவிட்டுத் தன்னுடையதை அங்கே எழுதும். தேர்வுப் பட்டியல் இருக்கும் ‘பூட்.ஐஎன்ஐ’ கோப்பில் 98-க்கு ஒரு வரியும் சேர்க்கும். அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள், 30 நொடி அவகாசம். 98-ஐத் தேர்ந்தெடுத்தால், அந்த 512 பைட்டை நினைவகத்தில் ஏற்றி வழிவிட்டுவிடும். 98-க்கோ இன்னொருவர் இருப்பதே தெரியாது. எக்ஸ்பி பார்ட்டிஷனை என்டிஎஃப்எஸ்ஸில் வைத்தால் அது 98-இன் கண்ணில் படவே படாது. நான் அப்படித்தான் வைப்பேன். பழைய நிலைக்குத் திரும்ப உதவும் எக்ஸ்பியின் சிஸ்டம் ரீஸ்டோர் மட்டும் 98-இன் டிரைவிலும் கைவைக்கும், அதை அந்த டிரைவுக்கு அணைத்துவிடுங்கள்.

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 98 ஒருமுறை போட்டு முடிக்கிற சமாச்சாரம் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுவோம், டிரைவர் மோதும், மறுபடி போடுவோம். போடும்போதெல்லாம் அது பூட் செக்டரைத் தனக்கென்று எழுதிக்கொள்ளும். எக்ஸ்பியின் கோப்புகள் பத்திரமாக இருக்கும், தேர்வுத் திரை மட்டும் காணாமல் போயிருக்கும். எக்ஸ்பி சிடியின் ரெக்கவரி கன்சோலில் ‘ஃபிக்ஸ்பூட்’ போட்டுத்தான் மீட்க வேண்டும்.

அதனால்தான் என் ஓட்டு இரண்டாவது வழிக்கு: ஆளுக்கொரு டிஸ்க். ஒன்றில் நிறுவும்போது மற்றதன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் எதிலிருந்து தொடங்குவது என்பதை, கணினி ஆனதும் முதலில் ஓடும் பயாஸின் அமைப்புத் திரையில் மாற்றிக்கொண்டால் போதும். 98-க்கு ஹார்ட் டிஸ்க்கே தேவையில்லை. காம்பேக்ட் ஃபிளாஷ் என்ற மெமரி கார்டை ஐடிஇ (அந்தக் கால ஹார்ட் டிஸ்க் இணைப்பு) அடாப்டரில் செருகினால் அதையே டிஸ்க்காக எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி தாராளம், சத்தமும் கிடையாது. நன்றாக ஓடும் நிலையில் கார்டைக் கழற்றி அப்படியே ஒரு இமேஜ் எடுத்து வைத்தால், மறுபடி நிறுவுவது கோப்பு நகலெடுக்கும் வேலையாகிவிடும். கணினியை அணைத்துவிட்டுத்தான் கார்டைத் தொட வேண்டும். எக்ஸ்பியை மட்டும் கார்டில் போடாதீர்கள். பல கார்டுகள் தம்மைக் கழற்றக்கூடிய டிஸ்க் என்று சொல்லிக்கொள்வதால் அது முரண்டு பிடிக்கும்.

பெரிய டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் நிம்மதி. 98-இன் சொந்த ஐடிஇ டிரைவருக்கு 137 ஜிபிதான் எல்லை. அதைத் தாண்டி எழுதினால் தரவு பாழாகும்.

லினக்ஸும் சேர்த்து மூன்று வேண்டும் என்றால், எதைத் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் என்ற நிரல் இருக்கிறது. இரண்டுக்கு அது தேவையில்லை.

ரேம் விஷயத்தில் எந்த வழியும் கைகொடுக்காது. 512 எம்பிக்கு மேல் இருந்தால், நினைவகம் போதவில்லை என்று 98 தலைகீழாகப் புகார் சொல்லக்கூடும். 98-இன் அமைப்புக் கோப்பான ‘சிஸ்டம்.ஐஎன்ஐ’யில் ‘விகேஷ்’ (vcache) பகுதியில் ‘மேக்ஸ்ஃபைல்கேஷ்’ அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

லேப்டாப்பில் ஒரு டிஸ்க்குக்குத்தான் இடம், அங்கே முதல் வழியேதான். அப்படியானால் எக்ஸ்பியிலேயே ஃபார்மேட் செய்த ஒரு ஃபிளாப்பியில், எக்ஸ்பியைத் தொடங்கிவைக்கும் கோப்புகளான என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட்.காம், பூட்.ஐஎன்ஐ மூன்றையும் நகலெடுத்து வையுங்கள். 98-ஐ மறுபடி போட்டுத் தேர்வுத் திரை போய்விட்டாலும், அந்த ஃபிளாப்பியைச் செருகினால் எக்ஸ்பி எழுந்து வரும்.