ஃப்ரீ சாட்பாட்டா, சந்தா டேட்டாபேஸா? ஜூனியர் வக்கீலுக்கு எது?

கடலூர், பாண்டி கோர்ட்டு பக்கம் ஜூனியர்ங்க கேக்குறது இதுதான், சாட்ஜிபிடியே போதுமா இல்ல மனுபத்ரா, எஸ்சிசி ஆன்லைன் மாதிரி ஏஐயோட வர்ற தீர்ப்பு டேட்டாபேஸுக்கு காசு கட்டணுமான்னு.

செலவு: சாட்பாட் சும்மா கிடைக்கும். டேட்டாபேஸுக்கு சந்தா, சீனியர் ஆபீஸ்ல லாகின் இருந்தா தப்பிச்சீங்க.

சைட்டேஷன் (முன்தீர்ப்ப மேற்கோள் காட்டுறது): இங்கதான் விஷயமே. சாட்பாட் இல்லாத தீர்ப்பையும் நம்பர் போட்டு அடிச்சு சொல்லும், 2023ல நியூயார்க்ல அப்படி ஃபைல் பண்ண வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்துச்சு. டேட்டாபேஸ்ல கிளிக் பண்ணா முழு தீர்ப்பே திறக்கும், ஆனா ஏஐ எழுதுற சுருக்கம் அதுலயும் தப்பா இருக்கலாம், சம்பந்தப்பட்ட பாராவ படிச்சே ஆகணும்.

உள்ளூர் சட்டம்: பாண்டி சொத்து கேஸ்னா ரெண்டுலயும் உஷார். அங்க ரெனோன்சான்களுக்கு (பிரெஞ்சு ஆட்சியில சொந்த மதச் சட்டத்த விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறினவங்க, அவங்க வாரிசுங்க) இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது, "அப்பா சொத்துல பொண்ணுக்கு பங்கு உண்டா"ன்னு மொட்டையா கேட்டா சாட்பாட் பொண்ணுக்கும் சம பங்கு தர்ற அந்தச் சட்டத்தோட 2005 திருத்தத்த ஒப்பிச்சிட்டு போயிடும். டேட்டாபேஸ்ல ரெனோன்சான்னு தேடினா பழைய தீர்ப்பாவது சிக்கும்.

தமிழ் பத்திரம்: மொழிபெயர்க்க சாட்பாட் வேகம். சர்வே நம்பர், நான்கெல்லை மட்டும் கண்ணால பாத்துக்கோங்க.

ரகசியம்: கட்சிக்காரர் பேரு, ஆதார் எதையும் ஃப்ரீ சாட்பாட்ல போடவே கூடாது.

நோட்டீஸ் டிராஃப்ட், தேதிவாரி சம்பவப் பட்டியல், குறுக்கு விசாரணை ஒத்திகைக்கெல்லாம் சாட்பாட் தாராளம். சென்னை ஹைகோர்ட்டு அப்பீல்னா டேட்டாபேஸ் எடுங்க. கையில காசு இல்லையா, சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப அந்த கோர்ட்டோட இ-எஸ்சிஆர் இணையதளத்துல ஃப்ரீயாவே சரிபாத்துக்கலாம்.