குழந்தையோட வேற ஊருக்குப் போறதா, விட்டுட்டுப் போறதா? எந்த வழி தேறும்

புருஷனும் பொண்டாட்டியும் பிரிஞ்ச பிறகு அதுல ஒருத்தர் வேலைக்காகவோ மறுகல்யாணத்துக்காகவோ தூரமா கிளம்பிட்டா, அதுவரை ஓடிட்டிருந்த, வீக்கெண்ட்ல குழந்தைய இன்னொருத்தர்கிட்ட அனுப்பற ஏற்பாடெல்லாம் அவ்ளோதான். அப்புறம் குழந்தை யார்கிட்டங்கறதுக்கு மூணு வழி இருக்கு, நாலாவதா ஒண்ணும் இருக்கு, அதுக்குப் பேரு வழியே இல்ல.

குழந்தையும் கூடவே போறது முதல் வழி. தினமும் சாப்பாடு ஊட்டி ஹோம்வொர்க் பாத்து ராத்திரி காய்ச்சல்னா முழிச்சிருந்தது கிளம்பறவங்கதான்னா என் ஓட்டு இதுக்குத்தான். கனடால 2021 மார்ச்ல அமலுக்கு வந்த டைவர்ஸ் சட்டத் திருத்தமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பாக்குது: கோர்ட் ஆர்டர்படி குழந்தை பெரும்பாலும் ஒருத்தர்கிட்டயே வளந்திருந்தா, அவர் கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு தடுக்கறவர்தான் காரணத்தை நிரூபிக்கணும், ரெண்டு பேர்கிட்டயும் ஏறக்குறைய சரிபாதின்னா கிளம்பறவர் நிரூபிக்கணும். 60 நாள் முன்னாடியே நோட்டீஸ் வேற குடுக்கணும்.

இந்த வழி சொதப்பறது விசிட்டேஷன்லதான், அதாவது குழந்தை கூட இல்லாதவர் குழந்தைய எப்ப, எப்படி பாக்கறதுங்கற ஏற்பாட்டுல. "லீவுல அப்பாகிட்ட அனுப்பணும்"னு ஒத்த வரில ஆர்டர் வாங்கிட்டு வந்தா முதல் லீவுலயே சண்டை. ஸ்கூல் மூடி எத்தனாவது நாள் கிளம்பணும், டிக்கெட் யார் போடணும், சின்னப் புள்ளைன்னா கூட யார் வரணும், வீடியோ கால் எந்த ஊர் டைம்ல எத்தனை மணிக்கு, எல்லாத்தையும் எழுதி வாங்கணும். மாசாமாசம் ரெண்டு நாள் ஓடி வர்றதவிட லீவுல சேந்தாப்ல மூணு நாலு வாரம் கூட இருக்கறது எவ்வளவோ மேல். வீடியோ கால் மட்டும் போதும்னு சொல்றவங்கள நம்பாதீங்க, அஞ்சு வயசுக் குழந்தை ஃபோன் முன்னாடி எவ்ளோ நேரம் உக்காரும்?

ரெண்டாவது, குழந்தை இருக்கற இடத்துலயே இருக்கறது. பதிமூணு பதினாலு வயசாயிட்டா ஸ்கூல், ஃப்ரெண்ட்ஸ்னு வேர் விட்டிருக்கும், இதுதான் சரி. ஆனா இதுவரை ஸ்கூல் பக்கமே எட்டிப் பாக்காதவர் கூட, எதிராளி கிளம்பக்கூடாதுன்னே கஸ்டடி கேக்கறதும் நடக்குது. "குழந்தைய தரலன்னா நீ மட்டும் போவியா"ன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, போவேன்னா பாசம் இல்லாதவங்க, போகமாட்டேன்னா அப்ப இங்கயே இருன்னுடுவாங்க, எப்படிச் சொன்னாலும் மாட்டிக்கணும். கனடா சட்டம் இதைக் கணக்குலயே எடுக்கக்கூடாதுன்னு கோர்ட்டுக்கு சொல்லிடுச்சு, ரொம்ப சரி.

மூணாவது, ஒரு வருஷம் இங்க ஒரு வருஷம் அங்க. பெரியவங்களுக்கு பாகப்பிரிவினை மாதிரி நியாயமா தெரியும், ஸ்கூல் மாறி மாறி அலையறது குழந்தைதான். வேணாம்.

நாலாவது, சொல்லாம கொள்ளாம தூக்கிட்டுப் போறது. நாடு விட்டு நாடுன்னா பல நாடுங்க சேந்து போட்ட 1980 ஹேக் ஒப்பந்தம் இருக்கு, 16 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைய வழக்கமா வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்லும், 1 வருஷத்துக்குள்ள கேஸ் போட்டா தப்பிக்க ரொம்ப கொஞ்ச விலக்குதான். ஜப்பான் 2014ல சேந்துச்சு, இந்தியா சேரல. கஸ்டடி யாருக்குங்கறத இந்த ஒப்பந்தம் முடிவு பண்ணாது, அது பழைய நாட்டு கோர்ட் வேலை, அங்க போய் நிக்கும்போது "சொல்லாம தூக்கிட்டு ஓடினவங்க"ங்கற பேரோடதான் நிக்கணும். வீட்ல அடி உதைன்னு உயிருக்கு பயந்து கிளம்பறவங்க கதை வேற, அவங்க முதல்ல பத்திரமான இடத்துக்குப் போயிடணும், ஆனா முடிஞ்ச சீக்கிரம் வக்கீல பாத்து பாதுகாப்பு ஆர்டருக்கு மனு போட்டு வெச்சிடணும், மெடிக்கல் ரிப்போர்ட், மிரட்டல் மெசேஜ் எதையும் அழிக்காம.