ஒரு பலகை வீடும் அதன் காகிதங்களும்: ஹென்ச் – வால்ட்டர் ரீட் மஞ்சள் காய்ச்சல் ஆவணத் தொகுப்பு குறித்து ஒரு மதிப்புரை

அலுவல் காரணமாக கானா நாட்டின் அக்ரா நகருக்குச் செல்ல வேண்டியிருந்தபோது, பயணத்துக்குப் பத்து நாள்களுக்கு முன்பாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அதற்கான மஞ்சள் நிறச் சான்றிதழைக் கடவுச்சீட்டோடு வைத்திருக்க வேண்டும் என்றார்கள். ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பினால், காமாலைக்குத்தான் ஊசி என்று எண்ணிக்கொண்ட என் பெரியம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து வைத்திருந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இந்தியாவில் பரவாத நோய் அது. பெயரும் குழப்பத்துக்கு இடம் தருகிறது. இரண்டும் வேறு என்று அவருக்கு விளக்குவதற்காகத் தேடத் தொடங்கிய நான், சில வாரங்களில் வேறோர் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். அந்த இடத்தைப் பற்றியதே இம்மதிப்புரை.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாட் மூர் மருத்துவ நூலகம் காத்துவரும் ‘பிலிப் ஹென்ச் – வால்ட்டர் ரீட் மஞ்சள் காய்ச்சல் தொகுப்பு’, இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கத்தக்க ஓர் ஆவணகம். அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்ட்டர் ரீட் தலைமையில் ஜேம்ஸ் கரோல், ஜெஸ்ஸி லசீர், அரிஸ்டிடெஸ் அக்ரமோன்டே ஆகியோர் அடங்கிய குழு, மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசுவே என்று 1900ஆம் ஆண்டில் கியூபாவில் மெய்ப்பித்தது. அச்சோதனைகள் தொடர்பான கடிதங்கள், காய்ச்சல் வரைபடங்கள், நிழற்படங்கள், பிற்காலத்தில் எழுதி வாங்கிய நினைவுகள் எனப் பலவும் இதில் இருக்கின்றன. அந்தக் கொசு நமக்கு அந்நியமானதன்று. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மாநகராட்சிப் பணியாளர்கள் நம் மொட்டை மாடித் தொட்டிகளிலும் பழைய டயர்களிலும் தேடி அழிக்கும் டெங்குக் கொசுவான ஏடிஸ் எஜிப்டியேதான்.

இவற்றைச் சேர்த்தவர் தொழில்முறை வரலாற்றாசிரியர் அல்லர் என்பதே இத்தொகுப்பின் முதல் சுவை. மின்னசோட்டாவின் மேயோ மருத்துவமனையில் மூட்டு நோய்களுக்கு மருத்துவம் பார்த்தவரும், கார்ட்டிசோன் என்ற ஹார்மோன் குறித்த ஆய்வுக்காக 1950இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான பிலிப் ஹென்ச், 1930களின் பிற்பகுதியில் இதைத் தொடங்கினார். அதற்குள் ரீட், கரோல், லசீர், அக்ரமோன்டே நால்வரும் மறைந்துவிட்டிருந்தனர். ஆனால் சோதனைக்குத் தம் உடலைக் கொடுத்தவர்களில் சிலர் உயிரோடிருந்தார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து எழுதினார், நேரில் சந்தித்தார், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்தார். வலி எந்த மூட்டில் முதலில் வந்தது, காலையிலா மாலையிலா என்று நோயாளியைத் துருவிக் கேட்கும் மருத்துவரின் பழக்கம் அவர் கேள்விகளில் அப்படியே தெரிகிறது. இவற்றைக் கொண்டு ஒரு நூல் எழுத எண்ணியிருந்தவர், எழுதாமலே 1965இல் மறைந்தார். அவருடைய மனைவி மேரி ஹென்ச் எல்லாவற்றையும் ரீட் மருத்துவம் படித்த பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். நூல் எழுதப்பட்டிருந்தால் அவருடைய முடிவுகள்தாம் நமக்குக் கிடைத்திருக்கும். எழுதப்படாததால் முடிவுக்கு முந்தைய ஐயங்களும் கையில் இருக்கின்றன என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

காகிதங்களை மட்டும் அவர் தேடவில்லை. ஹவானாவை அடுத்த மரியனாவோவில், 1900 நவம்பர் 20 அன்று அமைக்கப்பட்டு, அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் மஞ்சள் காய்ச்சலால் இறந்த லசீரின் பெயர் சூட்டப்பட்ட முகாம், ராணுவம் போன பின் வெறும் வயலாகிவிட்டிருந்தது. சோதனைக்கு உட்பட்டவர்களில் ஒருவரும் பின்னர் ஹவானாவில் வாழ்ந்தவருமான ஜான் மோரனின் துணையோடு அந்த இடத்தைத் தேடிய ஹென்ச், ‘முதலாம் எண் கட்டடம்’ என்று அறிக்கைகளில் குறிக்கப்படும் பலகை வீடு இன்னும் நின்றுகொண்டிருப்பதைக் கண்டறிந்தார். 14 அடிக்கு 20 அடி அளவுள்ள அந்த ஒற்றை அறையில்தான் மருத்துவர் குக்கும், ஃபோக், ஜெர்னிகன் என்ற இரு படைவீரர்களும், மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளின் வாந்தியும் மலமும் படிந்த விரிப்புகளின்மேல், கதவும் சன்னலும் அடைத்த வெக்கையில், 20 இரவுகள் படுத்துறங்கினார்கள். மூவருக்கும் நோய் வரவில்லை. துணிமணிகள் வழியாகத்தான் நோய் தொற்றுகிறது என்ற நெடுநாள் நம்பிக்கை அந்த அறையிலேயே செத்தது. ஹென்ச் விடாமல் வற்புறுத்தியதன் பயனாக அந்த வீடு காக்கப்பட்டு, 1952 டிசம்பர் 3 அன்று நினைவிடமாகத் திறக்கப்பட்டது. இடத்தை அடையாளம் காண அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தைப் படிக்கும்போது, ஒரு நினைவுச் சின்னம் கல் நடப்படுவதற்கு முன் எத்தனை காகிதங்களில் உருவாக வேண்டியிருக்கிறது என்பது புலப்படுகிறது.

என்னைப் பொறுத்தவரை இத்தொகுப்பின் தலையாய பொருள் ரீட்டின் கடிதமன்று. அந்தோனியோ பெனிக்னோ என்ற ஸ்பானியக் குடியேறியுடன் 1900 நவம்பரில் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தம். ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் உள்ள அத்தாளில், கையெழுத்திடுபவர் 25 வயதைக் கடந்தவர் என்றும், செர்செதா என்ற ஊரினர் என்றும், பெற்றோர் இன்னார் என்றும் நம் பத்திரங்களைப் போலவே தொடங்கி, தம் சொந்த விருப்பத்தின்பேரில் சோதனைக்கு உடன்படுவதாக எழுதப்பட்டிருக்கிறது. நோய் வந்தால் உயிருக்கு ஓரளவு ஆபத்து உண்டு என்பதை அவர் நன்கு அறிவாராம். ஆயினும் இத்தீவில் இருக்கும்வரை அந்நோயிலிருந்து தப்ப முடியாது என்பதால், நல்ல மருத்துவ கவனிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அதை வேண்டுமென்றே வரவழைத்துக்கொள்ள விரும்புகிறாராம். சோதனை முடிந்தால் தங்க நாணயமாக 100 டாலர். நோய் கண்டால் மேலும் 100 டாலர். முகாமின் எல்லையைத் தாண்டினால் எல்லாம் போயிற்று. மனிதர்கள் மீது செய்யும் ஆய்வுக்கு எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்ற தொடக்ககாலச் சான்றுகளில் ஒன்றாக இது போற்றப்படுகிறது. போற்றத்தக்கதுதான். ஆனால் ‘எப்படியும் தப்ப முடியாது’ என்று கப்பலை விட்டு அண்மையில் இறங்கிய ஏழைத் தொழிலாளியின் வாயில் வைக்கப்பட்ட அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்தவர்களுக்கு, ‘சொந்த விருப்பம்’ என்ற சொல் சற்றே உறுத்தும். அந்த உறுத்தலையும் சேர்த்தே பாதுகாத்து வைத்திருப்பதுதான் ஆவணகம் நமக்குச் செய்யும் சேவை.

லசீர் இறப்பதற்குச் சற்று முன், செப்டம்பர் 8 அன்று மனைவிக்கு எழுதிய கடிதத்தில், உண்மையான கிருமியின் தடத்தைப் பிடித்துவிட்டதாகத் தமக்குத் தோன்றுகிறது என்று அடக்கமான மகிழ்ச்சியோடு சொல்கிறார். செப்டம்பர் 25 அன்று, 34 வயதில், இறந்துபோனார். அக்கடிதத்தையும் அவருடைய காய்ச்சல் வரைபடத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பது எளிதான அனுபவமன்று. 1900ஆம் ஆண்டின் கடைசி இரவில் ரீட் மனைவிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதமும் உண்டு. அதைப் பலரும் மேற்கோள் காட்டிவிட்டதால் நான் கடந்து செல்கிறேன்.

இனி, தொகுப்பின் சாய்வு. இது ரீட்டை மையமாக வைத்து ஓர் அமெரிக்கர் சேர்த்தது என்பதை மறவாமல் படிக்க வேண்டும். கொசுவே காரணம் என்ற கருத்தை 1881 ஆகஸ்ட் 14 அன்றே ஹவானாவின் அறிவியல் கழகத்தில் வாசித்தவர் கியூப மருத்துவர் கார்லோஸ் பின்லே. 1900இல் ரீட் குழுவுக்குக் கொசு முட்டைகளைக் கொடுத்தவரும் அவரே. நோயாளியைக் கடித்த கொசு, ஏறத்தாழ 12 நாள்கள் கழிந்த பின்னரே நோயைக் கடத்த வல்லதாகிறது என்பது தெரியாததால்தான் பின்லேயின் சோதனைகள் பிறரை நம்பவைக்கவில்லை. ஓர் இடத்தில் முதல் நோயாளிக்கும் அடுத்து வரும் நோயாளிகளுக்கும் இடையே அமெரிக்க மருத்துவர் ஹென்றி கார்ட்டர் 1898இல் மிசிசிப்பியில் கண்ட கால இடைவெளி அக்குறையை நீக்க உதவிற்று. பெருமை யாருக்கு என்ற வழக்கு இரு நாடுகளுக்கும் இடையே நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. மரியனாவோ நினைவிடம் திறக்கப்பட்ட டிசம்பர் 3, பின்லேயின் பிறந்தநாள் என்பதிலிருந்தே அவ்வழக்கின் சூட்டை உணரலாம். ஆகவே இத்தொகுப்பைத் தனியே படிப்பது ஒரு தரப்பு வாதியின் பேச்சை மட்டும் கேட்பது போலாகும். ஹவானா செல்லும் வாய்ப்புள்ளவர்கள், பழைய நகரில் கியூபா தெரு 460ஆம் எண்ணில், பின்லே தம் கருத்தை வாசித்த அதே கட்டடத்தில் இயங்கும் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தையும் பார்ப்பது நல்லது. காகிதம் ஒரு நாட்டிலும் பலகை வீடு இன்னொரு நாட்டிலுமாகப் பிரிந்து கிடக்க, அவ்விரு நாடுகளும் 1961 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் தூதரக உறவே இல்லாமல் இருந்தன.

இன்னொரு வெற்றிடம் இதைவிடப் பெரியது. அமெரிக்க நாடாளுமன்றம் 1929இல் இச்சோதனைகளில் பங்கேற்றோருக்குத் தங்கப் பதக்கமும், உயிரோடிருந்தோருக்கு மாதம் 125 டாலர் ஓய்வூதியமும் வழங்கிச் சிறப்புப் பட்டியல் வெளியிட்டது. அதில் ஸ்பானியக் குடியேறி ஒருவர் பெயரும் இல்லை. பணமே வேண்டாம் என்று மறுத்த மோரனும், சோதனைக்கு உடன்பட்ட படைவீரர் கிசிங்கரும் தம் வாயால் சொன்னவை இத்தொகுப்பில் ஏராளம். பணத்துக்காக வந்தவர்கள் ஒப்பந்தத்திலும் காய்ச்சல் வரைபடத்திலும் மட்டும் வாழ்கிறார்கள். 1901இல், லசீர் முகாம் சோதனைகளுக்குப் பின் ஹவானாவின் லாஸ் அனிமாஸ் மருத்துவமனையில் நடந்த கொசுக்கடிச் சோதனைகளில் 25 வயதில் இறந்த செவிலியர் கிளாரா மாஸைப் பற்றி அறிய விரும்புவோரும் வேறிடங்களிலும் தேடவேண்டியிருக்கும்.

மருத்துவ மாணவர்களுக்கும், ஆய்வு அறநெறி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். அக்கால ஆங்கிலக் கையெழுத்து கண்ணுக்குப் பழகச் சில நாள்களாகும். முதலில் பெனிக்னோவின் ஒப்பந்தம், பிறகு லசீரின் கடிதம், அதன் பின் மோரனின் நினைவுகள் என்ற வரிசை எனக்கு உதவிற்று; 1900 டிசம்பர் 21 அன்று வலைத்தடுப்பால் பிரிக்கப்பட்ட இரண்டாம் எண் கட்டடத்துக்குள் நுழைந்து 15 கொசுக்களுக்கு உடலைக் கொடுத்த மோரன், கிறிஸ்துமஸ் நாளில் காய்ச்சலோடு படுத்ததை முன்னவற்றின் வெளிச்சத்தில் படித்தால்தான் முழுப்பொருள் கிடைக்கும்.

அந்த ஒப்பந்தத்தைத் தமிழாக்கி ஒருநாள் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முகாமில் ஒருவரும் சாகவில்லை என்று சொல்லியும் அவருக்கு நிறைவில்லை. செத்திருந்தால் அந்த இருநூறு டாலர் யாருக்குப் போயிருக்கும் என்று கேட்டார். கையெழுத்திடுபவர் தம் வசதிப்படி பின்னர் குறிப்பிடும் நபருக்கு என்றுதான் தாளில் இருக்கிறது.